கழித்த படங்கள்

அது அவள் எடுத்த படம்.

ஆபீஸில், நஸ்ரினின் கணினித் திரையில் இருந்தது.

அவள் காபிக் கோப்பையோடு அப்படியே நின்றாள்.

பிளாட்பாரத்தில் ஒரு பூக்காரி. ஈரத்துணி மூடிய கூடை. படத்தின் கீழிருந்து நீண்டு போய்ப் பூக்காரியின் மேல் விழுந்திருக்கும் நிழல். படம் எடுத்தவளின் நிழல். அதனாலேயே அதைக் கழித்திருந்தாள்.

வெயிலைப் பற்றி ஐந்து போஸ்டர்கள். பேருந்து நிறுத்தங்களில் இருக்கும் திரைகளில் ஓடப்போகிறவை. இருபது நாட்களாக அவள் வெயிலைத் தேடி அலைந்தாள். உருகிய தாரை ஸ்கேன் செய்து எழுத்துகளுக்குள் ஊற்றிப் பார்த்தாள். பஸ்ஸின் தகரத்தில் கை வைத்துக் கையைப் படமெடுத்தாள். எதுவும் சுடவில்லை.

நஸ்ரின் இரண்டே நிறங்கள் போட்டிருந்தாள். தெரு முழுக்க எரிகிற ஆரஞ்சு. நிழல் மட்டும் நீலம். நீலத்துக்குள் பூக்காரி கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

கீழே சின்னதாக ஒரு வரி.

கொஞ்சம் நில்லுங்கள்.

"உங்க படம்தான்க்கா. கழிச்ச ஃபோல்டர்ல கெடந்துச்சு. கேக்காம எடுத்துட்டேன், திட்டாதீங்க" என்றாள் நஸ்ரின். "இதுக்கு முந்தின படத்துல அவங்க கூடைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. இதுல இந்தப் பக்கம். உங்க நிழலுக்குள்ள நகந்து வந்திருக்காங்க. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை.

வெளிச்சம் சரியில்லை என்று முணுமுணுத்துவிட்டு, அன்று அவள் அங்கிருந்து போய்விட்டாள்.

இன்னொருத்தி நல்லதாக ஒன்று செய்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடியும். பன்னிரண்டு வருடமாகத் தாங்கியிருக்கிறாள். விலை உயர்ந்த கேமரா, பெரிய கம்பெனி, தெரிந்த ஆட்கள் என்று ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும்.

இதற்குக் காரணமே இல்லை. அதே படம். அதே ஆபீஸ்.

கண் மட்டும் வேறு.

"கவனிச்சேன்" என்றாள். "அதுக்குத்தான் எடுத்தேன்."

"ஓ" என்றாள் நஸ்ரின்.

திரையின் ஓரத்தில் ஃபோல்டரின் பெயர் தெரிந்தது. கழித்தவை. நஸ்ரின் அதைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

தயாளன் சார் தன் அறையிலிருந்து வந்தார். போஸ்டரின் முன்னால் நின்றார். எதையும் அரை நிமிடத்துக்கு மேல் பார்க்காதவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரோட ஐடியா இது?"

"அக்காவோடது சார். நான் கலர் மட்டும் போட்டேன்."

மறுக்க ஒரு நொடி இருந்தது.

அந்த நொடியில் அவள் காபி குடித்தாள்.

"இருபது நாளா ஊர் சுத்துறீங்களேன்னு நெனச்சேன். சுத்துனது வீண் போகல. மத்த நாலும் இதே மாதிரி வரணும். நீங்களே பண்ணுங்க, நஸ்ரின் அந்தக் கல்யாண மண்டபம் வேலையப் பாக்கட்டும்" என்றார். "வெள்ளிக்கிழமை கொடுக்கணும்."

கழித்தவை. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். வேனுக்கு அடியில் நாய். ஆட்டோவுக்குள் தூங்குகிறவர். தலைமேல் பையை வைத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள். கலங்கியது. சாய்ந்தது. குறுக்கே வயர். எதற்காகக் கழித்தாளோ அதுவே மறுபடியும் கண்ணில் பட்டது.

நாயின் மேல் அந்த ஆரஞ்சை ஊற்றிப் பார்த்தாள்.

ஆரஞ்சு நாய்.

எதிர் மேசையில் நஸ்ரின் உப்பு தொட்டு நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தின் வாழைமரத் தோரணத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். இயர்போனில் எதையோ கேட்டுச் சிரித்தாள். அத்தனை சுலபமாக.

அந்தக் கண்களுக்கு இருபத்து மூன்று வயது. எங்கே கற்றுக்கொண்டாள்? யாரிடமும் இல்லை. அதுதான் எரிந்தது.

நஸ்ரினுக்கு ஜுரம் வந்து நாலு நாள் லீவு போட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். லீவு போட்டால் யாரிடம் கேட்பது என்றும் நினைத்தாள்.

வியாழன் மதியம் கூப்பிட்டாள்.

"நஸ்ரின், இங்க வா."

திரையில் ஒரு பேருந்து நிறுத்தம். ஏழெட்டுப் பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கூரையின் நிழல் அவர்கள் மேல் இல்லை, சாலையின் மேல் விழுந்திருக்கிறது. அந்தக் கூரைக்காக எடுத்தது. பிறகு, கோணம் சரியில்லை என்று கழித்தது.

பரீட்சை வைக்கிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"இதுல நான் என்ன பாத்தேன்னு சொல்லு."

நஸ்ரின் குனிந்தாள். பார்த்தாள். அவள் பார்வை படத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே, இடது மூலையில் நின்றது. உதடு பிரிந்தது.

பிறகு மூடிக்கொண்டது.

"தெரியலயேக்கா. பஸ் ஸ்டாப்பு. கூரை தப்பான எடத்துல இருக்கு, அதுவா?" நிமிர்ந்து புன்னகைத்தாள். "நீங்க பாத்தது எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

போய்விட்டாள். இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஆனால் நஸ்ரினின் பார்வை நின்ற இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். இடது மூலையைப் பெரிதாக்கினாள். கிழிந்த நோட்டீஸ். நசுங்கிய டீ கப். ஒரு பெண்ணின் செருப்புக் கால்கள். அவற்றின் மேல் ஏறி நிற்கிற குழந்தையின் வெறுங்கால்கள். ஒரு சோடா மூடி.

கப் நல்ல சிவப்பாக இருந்தது.

அதை இன்னும் பெரிதாக்கினாள்.