உள்பக்கக் கொக்கி

விளாங்குடி மெர்வின் ஒரு பொருளை ஒட்டிவிட்டால், அதன்மேல் ஆரப்பாளையம் பஸ் ஏறி இறங்கினாலும் பிரியாது. போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மகன் ஆன்சன் பாதியில் விட்டிருந்த பொம்மை விண்கலத்தை அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தார். விடிந்தால் கல்லறைத் திருநாள். அதை மகனின் கல்லறைமேல் வைக்க வேண்டும்.

இறக்கைகளைப் பசையாலும் மூக்கை ஸ்க்ரூவாலும் பொருத்தியாயிற்று. கதவுதான் பாக்கி.

"காந்தம் வைக்கவா, பெர்சி? தொட்டாலே சாத்திக்கும்."

அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மனைவி பெர்சியைவிடச் சுவர்ப்பல்லிதான் அதிகம் பேசியது. அவள் நகைப்பெட்டியின் கொக்கியைக் கழற்றி நீட்டினாள்.

"இதை உள்ளாற வைங்க."

"உள்ள வச்சா நம்ம எப்படிப் போடுறதாம்?"

"நம்ம எதுக்குப் போடணும்?"

வாதாட அவருக்குத் தெம்பில்லை. கொக்கியை உள்பக்கம் பொருத்தி, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் கதவு சாத்தியிருந்தது. இழுத்தார்; வரவில்லை. விண்கலத்தின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தார். உள்ளே கொக்கி மாட்டியிருந்தது. ஆன்சனின் அறைக் கதவைத் தட்டுவதுபோல ஒற்றை விரலால் தட்டினார்.

பெர்சி பாலை ஆற்றி விண்கலத்தின் பக்கத்தில் வைத்தாள். மகன் கோபித்துக்கொண்டு அறையைப் பூட்டிக்கொள்ளும்போதெல்லாம் சொல்வதைத்தான் இப்போதும் சொன்னாள்.

"தட்டாதீங்க. பசிச்சா அவனே தொறப்பான்."

கல்லறைக்கு வாங்கிய பூ வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மெர்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.