ஜன்னலில் ஒரு கை

டிரைவரின் இரண்டு காலையும் முழங்காலோடு வெட்டி எறிந்துவிட்டார் கணவர். அப்போதுதான் ஆள் இன்ஜின் ஜன்னலுக்குள் அளவாக நின்றான்.

கட்டைவிரல் நகத்தளவு ஆள். ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்து, ஒரு கையை உயரத் தூக்கியிருந்தான்.

"யாருக்கு டாட்டா காட்டுறான்?" என்று மனைவி கேட்டாள்.

"பேசாத. கை ஆடும்."

இந்த மேஜைக்குப் பக்கத்தில் தும்மினால்கூடக் குற்றம். பித்தளைத் தகட்டை அறுத்து, நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்காக இவர் செய்த இன்ஜின்களும் சரக்குப் பெட்டிகளும் வீட்டில் பாதியை விழுங்கியிருந்தன. தண்டவாளத்தோரம் நின்று இவரே எடுக்கிற போட்டோவில் ஒரு ஆணி கழன்றிருந்தால் இவர் இன்ஜினிலும் அந்த ஆணி இருக்காது. சரக்குப் பெட்டிக்குத் துருவைக்கூடப் பார்த்துப் பார்த்துப் பூசுகிற மனிதர், மனைவி மூக்குக்கண்ணாடி மாற்றியதை இன்னும் கவனிக்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், தலை நரைத்த ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த முகத்தை அவள் மறப்பாளா? தம்பி மேல் ரயிலை ஏற்றிய டிரைவர்.

தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி. தண்டவாளத்தை ஒட்டிய குறுக்கு வழியில், காதில் ஃபோனோடு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஹாரன் அடித்தேன், கையை ஆட்டிக் கத்தினேன் என்றார் டிரைவர். ஆமாம் என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. தூங்கிக்கொண்டே ஓட்டினான் என்று அவள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, அவர் பெயரை நாறடித்தாள். கடைசியில் அவரை இன்ஜினிலிருந்து இறக்கி, ஷெட் கேட்டைத் திறந்து மூட வைத்தார்கள்.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடி வந்தவர் கணவர்தான். அவர் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் அவளும் போயிருப்பாள்.

"ரிடையர் ஆயிட்டேம்மா," என்றார் டிரைவர். "நான் தூங்கல. இதைச் சொல்லத்தான் வந்தேன். எம் பொண்ணே கேக்குறா, நெசமா தூங்கிட்டியாப்பான்னு. நீங்க ஒருத்தர் நம்பினா போதும்."

"என் தம்பிய எழுப்பிக் கூட்டிட்டு வா. நம்புறேன்."

டிரைவரின் கண் கலங்கியது. அவளுக்கு அது போதவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"உள்ள வந்து நின்னு அழு. எங்க வீட்டுக்காரரும் பாக்கட்டும்."

கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜினின் இடப்பக்க விளக்கைச் சுற்றி, ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளை வளையம் தீட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்க விளக்குக்குக் கறுப்பு வளையம்.

அழ வந்தவர் அழவில்லை. மேஜை மேல் குனிந்து, இன்ஜினின் எண்ணைப் படித்தார்.

"இது என் வண்டிம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஜின் எண்ணெல்லாம் அவள் எங்கே கண்டாள்? தம்பியைத் தின்றதையா இந்த மனிதர் நடுவீட்டில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்?

"இந்த வெள்ளை வளையம் எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?" என்றார் டிரைவர். "விளக்கு கெட்டுப்போச்சுன்னு, அன்னைக்குக் காலையிலதான் வேற வண்டியிலேருந்து கழட்டி மாட்டினோம். கிளம்பின கொஞ்ச நேரத்துல தம்பி குறுக்க வந்துட்டாரு. மோதினதுல அந்த விளக்கு தூளாப் போச்சு. அந்த ஒரு ஓட்டம்தான் சார் அது இருந்துச்சு."

கணவரின் தூரிகை நிற்கவில்லை. டிரைவர் ஜன்னலில் இருந்த ஆளைப் பார்த்தார். அவரையறியாமல் அவர் கையும் மேலே போய், அதே மாதிரி நின்றது.

"தள்ளு, தள்ளுன்னு கத்தினேம்மா. இப்படித்தான். அங்க வெறும் புதருதான் இருந்துச்சு. உங்க தம்பியத் தவிர வேற ஆள் யாரையும் நான் பாக்கல."

மேஜை விளக்கில் சாய்த்து வைத்திருந்த போட்டோவை அவள் எடுத்தாள். இன்ஜின் ஆணி ஆணியாகத் தெரிந்தது. ஜன்னலில் தூக்கிய கையும் தெரிந்தது. போட்டோவின் ஓரத்தைக் கத்தரித்திருந்தார் கணவர். கத்தரித்தது போக, மடங்கிய ஒரு முழங்கையும், நீலக் கட்டம் போட்ட சட்டையும் மிச்சமிருந்தன. தம்பிக்கு அந்தச் சட்டையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

"உக்காருங்க," என்று டிரைவரிடம் சொன்னாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னீங்க."

கணவர் தூரிகையை மறுபடி வெள்ளைப் பெயின்டில் தொட்டுக்கொண்டார்.

"கேமராவும் கையுமா, கூப்பிடுற தூரத்துலதான நின்னிருக்கீங்க. டேய்னு ஒரு குரல் கொடுத்திருந்தா ஒதுங்கியிருப்பானே."

கணவர் வளையத்தை முடித்தார். தூரிகையைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"குரல் கொடுத்தா கை ஆடியிருக்கும்."