ஒரு கை கடல்

"கடல் வந்துருச்சுங்களா மாமா?"

"வந்துருச்சு செல்லி. அலைச் சத்தம் கேக்குதா?"

கண் தெரியாத மனைவியை நாலு பஸ் மாறிக் கூட்டி வந்திருந்தான் சென்றாயன். சாவதற்குள் ஒரு தடவையாவது கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. டாக்டரோ ஒரு மாதம்தான் கெடு கொடுத்திருந்தார்.

ஆடிக் காற்றில் எழுந்த அலை அவள் கொலுசை நனைத்தது. கரையிலேயே கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். கை கழுவக் குனிந்தவள், ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டாள்.

சென்றாயனுக்குப் பகீரென்றது. மெட்ராஸ் வரை அவள் உடம்பு தாங்காதென்று, ஊருக்குப் பக்கத்து மேட்டூர் அணைக்குத்தான் நாலு பஸ் சுற்றி வந்திருந்தான்.

செல்லியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"யப்பா, என்னா உப்புங்க மாமா!" என்றபடி இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.