இடுப்பில் இருந்த போன்

"சார், அது கம்ப்யூட்டர் கோளாறெல்லாம் இல்ல. காலர்க்காரி இடுப்புல போன் வெச்சிருக்கா."

சொல்லிவிட்டு, பட்டன்காரி கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பாதுகாப்பு அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவளும் பட்டன் வைக்கிறவளும் ஒன்பது வருஷமாக அடுத்தடுத்த மெஷின். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள்.

"உங்க சிநேகிதிதானே அவங்க?"

"ஆமா சார். அதனாலதான் எனக்குத் தெரியும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

போய்விட்டாள். மூன்று நாளாக அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாக, "மொட்டைமாடியில இருக்கற அபாயச் சங்கை இறக்கிடலாம் சார். தீப்பிடிச்சா இனிமே எல்லார் போனுக்கும் அவசரச் செய்தி போயிடும். யார் யார் பார்த்தாங்கன்னு எனக்கு உடனே பதில் வந்துடும்" என்று முதலாளியிடம் அடித்துப் பேசியவர். சங்குக்கே சங்கு ஊத வந்தவர் என்று கேன்டீனில் பேச்சு.

சோதனை நாளன்று செய்தி போனது. இருநூற்றுப் பதினான்கு போனுக்கும் ஒழுங்காகப் போனது. ஆனால் வேலை நேரத்தில் போன் கூடாது என்பது விதி. அத்தனை போனும் வெளியே லாக்கரில். பூட்டிய இரும்பு லாக்கர்கள் வரிசையாக நின்று கதறின. உள்ளே ஒரு மெஷின்கூட நிற்கவில்லை.

முதலாளி சிரித்த சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு வந்தது ஒரே ஒரு பதில். ஆறாவது வினாடியில். காலர்க்காரியின் எண்ணிலிருந்து. லாக்கரில் இருக்கிற போன் எப்படிப் பதில் அனுப்பும், கம்ப்யூட்டர் கோளாறோ என்று அவர் குழம்பியிருந்தார்.

போனோடு பிடிபட்டால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். போன வருஷம் இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் காலர்க்காரியைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தாள். மேஜைக்கு நேர் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"இடுப்புல என்னம்மா?"

அவள் மறைக்கவில்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் எழுந்து திரும்பி, அலமாரியில் விதிப் புத்தகத்தைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு வெச்சிருந்தீங்க?"

பதில் இல்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்."

அதற்கும் பதில் இல்லை. என்ன நெஞ்சழுத்தம்!

"வேலை போனாலும் பரவாயில்லையா?" கத்தியே விட்டார். பக்கத்து அறையிலிருந்து டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தார்.

அதிகாரி கையில் புத்தகத்தோடு வெடுக்கென்று திரும்பினார். காலர்க்காரி அதே இடத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்தாள். அவர் முகம் தெரிந்ததும், "ஏதாவது கேட்டீங்களா சார்?" என்றாள்.

அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அவள் தலை குனிந்தது.

"பத்து வயசுல ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு சார். உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன்."

அவள் நிமிரும்வரை காத்திருந்து கேட்டார். "அப்போ ஒன்பது வருஷமா சங்கு ஊதினப்பல்லாம்?"

"பட்டன் அக்கா தோளைத் தட்டுவாங்க சார். ஒரு தடவைகூட விட்டதில்ல. அவங்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு இடுப்புல இது அதிர்ந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா ஒருத்தரும் எழுந்திருக்கல. என் வாழ்க்கையில முதல் தடவையா, மத்தவங்களுக்கு முன்னாடி எனக்குக் கேட்டுச்சு சார்."

அதிகாரி விதிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். காலர் பிரிவில் இவருக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி. மொட்டைமாடிச் சங்கும் அங்கேயே இருக்கட்டும். இரண்டு வரிதான் எழுதினார். நேரே முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். இந்த முறை முதலாளி சிரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்ததும் பட்டன்காரியைக் கூப்பிட்டார். வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நீங்கல்லாம் ஒரு மனுஷியா? ஒன்பது வருஷம் தோளைத் தட்டிட்டு, இப்போ கூட இருந்தே குழி பறிச்சிருக்கீங்களே!"

அவள் முகம் கொஞ்சம்கூட வாடவில்லை.

"அவளுக்கு அனுமதி குடுத்துட்டீங்களா சார்?"

"குடுத்தாச்சு. முதலாளி கையெழுத்தோட."

"அப்பாடா!" என்று மடித்து வைத்திருந்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். ராஜினாமாக் கடிதம். "பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு சார். அவளோடயே போய் இருக்கப் போறேன். இந்த மாசத்தோட சரி. அப்புறம் இவ தோளைத் தட்ட யாரு இருக்கா?"

அதிகாரி கடிதத்தைக் கையில் எடுத்தார். "ஒருவேளை நான் அவங்க வேலையை எடுத்திருந்தா?"

"உங்க செய்தி போய்ச் சேர்ந்த ஒரே ஆளு சார் அவ. அவளைப் போய் அனுப்புவீங்களா?"

"அதுக்காகப் போட்டுக் குடுப்பாங்களா? நேரா வந்து சொல்லியிருக்கலாமே!"

"எப்படி சார் சொல்றது? காது விஷயத்தை வெளிய விட மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்." பட்டன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "போன் விஷயத்துக்குப் பண்ணலையே!"