பாடத்தின் முதற்சொல்

மருத்துவர் பேசி முடித்தார்.

இனி அவள் பேச வேண்டும்.

அரபியில் அவர் சொன்னவை சில வாக்கியங்களே. ஒரு சொல்கூட அவளுக்கு விளங்காமல் போகவில்லை.

வலக்கால் அழுகிவிட்டது. நஞ்சு குருதியில் ஏறுகிறது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். மாலைக்குள் நோயாளி சம்மதிக்க வேண்டும்.

கட்டிலில் சன்னாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் உதடுகள் வெடித்திருந்தன. மருந்து நெடியையும் மீறிப் போர்வைக்கடியிலிருந்து ஒரு வாடை எழுந்தது.

அவர் சாரம் கட்டுபவர். எழும் கட்டடங்களின் உச்சியில் ஒற்றைக் குழாயின்மேல் நடப்பவர்.

"என்ன டீச்சரம்மா சொல்றாரு?"

அவள் ஆசிரியை அல்லள். இதே மருத்துவமனையில் செவிலி. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும், தொழிலாளர் முகாமின் உணவுக்கூடத்தில், ஊதியமின்றி அரபி சொல்லித்தந்தாள்.

இந்நாட்டுக்கு வந்த புதிதில் இம்மொழி அவளுக்கு ஏவலாகவே அறிமுகமாயிற்று. தூக்கு. துடை. விரைந்து வா. விளங்காத ஏவலுக்கெல்லாம் புன்னகைத்தாள். புன்னகைத்ததற்கும் திட்டு வாங்கினாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசைக்குள் அழுதாள்.

தன்னைப்போல் இன்னொருவர் ஊமையாய் நிற்கலாகாது. அதற்காகவே அந்த வகுப்பு.

முதற்பாடம் உடல். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் இங்கே பிழைப்பது அரிது.

தெய்வத்தைப் பாடுவோர் அடியில் தொடங்கி முடிவரை ஏறுவர். மனிதரைப் பாடுவோர் முடியில் தொடங்கி அடிவரை இறங்குவர். பதிகங்கள் ஓதி வளர்ந்தவள் அவள். அந்த மரபை அறிவாள்.

சிமென்ட் படிந்த நகங்களோடு தன்முன் அமர்ந்திருந்தவர்களுக்கு, தெய்வத்தைப் பாடும் முறையையே அவள் கொண்டாள்.

ரிஜ்ல், கால். பத்ன், வயிறு. சத்ர், நெஞ்சு. யத், கை. ஐன், கண். ராஸ், தலை.

சன்னாசிக்கு எப்போதும் முன்வரிசை. முதற்சொல்லைத் தொடையில் ஓங்கி அறைந்துதான் சொல்வார். தட்டுகள் அதிரும்.

"அண்ணனுக்குச் சோறு போடுறதே அதான டீச்சர்! அதான் இம்புட்டுச் சத்தம்!" என்று பின்னாலிருந்து எவனாவது கூவுவான்.

"ஆமாடா. ஒனக்கு வாயி போடுது, எனக்குக் காலு போடுது."

கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் வரிசை மாற்றிச் சொல்பவரை விடமாட்டாள். அடியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வாள்.

காலில் ஆணி ஏறிய அன்று சன்னாசி அந்த முதற்சொல்லைச் சொல்லவில்லை.

மேற்பார்வையாளன் எதிரில்தான் நின்றிருந்தான். சொல் தெரியும். சொன்னால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பதும் தெரியும். துணியைச் சுற்றிக் காலணிக்குள் திணித்துக்கொண்டு சாரம் ஏறினார். மறுநாளும் ஏறினார். எஞ்சியதைச் சர்க்கரை நோய் செய்தது.

"சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க டீச்சரம்மா. நான் ஏறலைன்னா வேற ஆளப் போட்டுருவாய்ங்க."

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் தமிழில் தேடினாள்.

அரபியில் அது அத்தனை தெளிவாக இருந்தது. தமிழில் கரைவரை வந்து, ஏறாமல் திரும்பியது. நாளும் ஓதிய நாவுக்கு வழக்கமான இறைவன் திருப்பெயரும் வரவில்லை.

"புண்ண நல்லாக் கழுவிக் கட்டணுமாம்ணே. மயக்க மருந்து குடுப்பாங்களாம். சரிதானான்னு கேக்குறாரு."

சன்னாசி மருத்துவரைப் பார்த்தார். பிறகு அவளை. பிறகு போர்வையின் கீழ்ப்புறத்தை, நெடுநேரம்.

"பாடஞ் சொல்லட்டா, டீச்சரம்மா?"

விடைக்குக் காத்திராமல் கண்களை மூடிக்கொண்டார்.

"பத்ன்."

வயிற்றின்மேல் கை வைத்தார்.

"சத்ர்."

நெஞ்சின்மேல்.

"யத்."

ஊசி குத்தியிருந்த கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார்.

"ஐன்." மூடிய இமைகளைத் தொட்டார். "ராஸ்."

அவ்வளவுதான். கை தலையிலேயே தங்கிவிட்டது.

அடியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லி அவள் திருத்தவில்லை.

மருத்துவர் புருவம் சுருக்கினார். அத்தனையும் அவருடைய மொழிச் சொற்கள். ஆயினும் அவளிடம் திரும்பி, காய்ச்சலில் பிதற்றுகிறாரா, என்னதான் சொல்கிறார் என்று கேட்டார்.

சம்மதிக்கிறார் என்று அவள் அரபியில் சொன்னாள்.

பிழையே இல்லாமல் சொன்னாள்.