பிரணவுக்கு ஓர் இடம்

"எனக்குள்ள இருக்கறதெல்லாம் டாக்டருக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? யார் தொறந்து காட்டினா?"

இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பிரணவ் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. சுவாமிதான் காட்டினார் என்று அம்மா காமு சொல்லி வைத்தாள்.

இப்போது அந்தப் பிரணவை எந்த மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது என்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

சேலையூர் ஃப்ளாட்டின் கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். காமுவும் அவள் கணவர் பட்டாபிராமனும் சமையலறையில் நின்று தணிந்த குரலில் பேசினார்கள்.

போன வருஷமும் இதே மேடையில் சாய்ந்துகொண்டுதான் பேசினார்கள். இதே இரண்டு கல்லூரிகள். செங்கல்பட்டு அரசுக் கல்லூரிக்கு அவன் மதிப்பெண் எட்டவில்லை. கேளம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் இடம் இருந்தது. ஃப்ளாட்டை விற்றாலும் அங்கே பாதிப் படிப்புக்குத்தான் காணும்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோடா கண்ணா. அடுத்த தடவை கவர்மென்ட்லயே கெடைச்சுடும்" என்று சொன்னது காமுதான்.

அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் புத்தகத்தைத் திறந்தான். அந்த ஒரு வருஷம் அவன் கையில் இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை.

"செங்கல்பட்டே இருக்கட்டும் காமு" என்றார் பட்டாபிராமன். "கொழந்தை ஆசைப்பட்டது அதுக்குத்தான். பணம் இல்லேன்னு திரும்பி வந்த வாசலுக்கு மறுபடியும் எதுக்கு அனுப்பணும்?"

எதிர் ஃப்ளாட் ஞானசௌந்தரி ஒரு ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து மேடையில் வைத்தாள். காமுவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அன்று அடைத்த இதயம் இன்று விடியற்காலையில் நின்றுபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அவனே கேட்டு வாங்கிய சத்தியம் அது. "உடம்பைக் காலேஜுக்குக் குடுத்துடும்மா. இந்தத் தடவை யாரும் என்னை வேண்டாம்னு சொல்லமாட்டா. ஃபீஸும் கேக்கமாட்டா." சிரித்துவிட்டு மூச்சு வாங்கினான். "அன்னிக்கு யாரோ ஒருத்தர் தன்னைத் தொறந்து காட்டினதாலதானே எனக்கு இத்தனை வருஷம் கெடைச்சுது? அவருக்கு வேற எப்படி தேங்க்ஸ் சொல்றது?"

கொள்ளி வைக்காமல் எப்படி என்று மைத்துனர் ஷ்யாம்சுந்தர் காலையிலிருந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார்தான் அவரை அடக்கினார். தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணலாம், சாஸ்திரத்தில் அதற்கும் இடம் உண்டு என்றார். காமு அவரை மனசுக்குள் நமஸ்கரித்துக்கொண்டாள்.

செங்கல்பட்டு என்றே சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தாள்.

பிரணவின் கால்மாட்டில் வெற்றிவேல் உட்கார்ந்திருந்தான். பெருங்களத்தூர்ப் பையன். நீட் பயிற்சி வகுப்பில் பிரணவோடு படித்தவன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் பிரணவுக்கு மூச்சு முட்டும் என்பதால் தினமும் அவன் புத்தகப் பையையும் சேர்த்துச் சுமந்தவன். "நீ டாக்டர் ஆனா மொத பேஷண்ட் நான்தான் மச்சான். உன் பேக்கைத் தூக்கித் தூக்கி என் முதுகே பேஜாரா கீது" என்று வாசலிலேயே கத்துவான்.

அவனுக்குப் போன வருஷமே இடம் கிடைத்துவிட்டது. செங்கல்பட்டில்.

காமுவைக் கண்டதும் எழுந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். "கிளாஸ்லேர்ந்து அப்டியே ஓடியாந்துட்டேன் ஆன்ட்டி."

அவன் விரல்களில் மூக்கை எரிக்கும் மருந்து வாடை. தோள்பையிலிருந்து வெள்ளைக் கோட்டின் கை ஒன்று வெளியே தொங்கியது.

எந்த அறையிலிருந்து ஓடி வந்திருக்கிறான் என்று காமுவுக்குப் புரிந்தது. அந்த அறையில் ஒரு நாள் துணியை விலக்கும்போது இவன் எந்த முகத்தைப் பார்ப்பான் என்பதும் புரிந்தது. கத்தி பிடித்த இந்தக் கை என்ன ஆகும்?

பட்டாபிராமன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"கேளம்பாக்கம்" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"கேளம்பாக்கமே போகட்டும்."

"செத்தப்புறமும் பிரைவேட் காலேஜ் கேக்கறதாக்கும்!" என்று ஷ்யாம்சுந்தர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். வெற்றிவேலின் முகம் வாடிப்போனது. "எங்க காலேஜ்லயும் நல்லா மரியாதையா பாத்துக்குவாங்க ஆன்ட்டி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

காரணம் சுவாமிக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள் காமு.

மதியம் கல்லூரி வண்டி வந்தது. மாடிப் படிகள் குறுகலானவை, லிஃப்ட் கிடையாது. தலைமாட்டை யார் பிடிப்பது என்று கேட்பதற்குள் வெற்றிவேல் குனிந்துவிட்டான். பழக்கம். தோள்பை நழுவி அவன் முழங்கையில் இடித்தது.

காமு அதை மெதுவாகக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் அழுதுகொண்டு பிரணவைப் பார்த்தபடி இறங்கினார்கள். வெளியே தொங்கிய வெள்ளைக் கையை உள்ளே மடித்து வைத்து, வெற்றிவேலின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாகக் காமு இறங்கினாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.