வேட்டி முடிச்சு

ஸ்டூல் பறந்து போய் மருந்து அலமாரியின் கண்ணாடியில் விழுந்தது. குறி என்னவோ ஆண்ட்ரூஸின் தலைக்குத்தான். குனிந்ததால் தப்பினார், ஆனால் தெறித்த சில்லு ஒன்று உதட்டைக் கிழித்துவிட்டது.

"இன்னொருக்கா கிட்ட வந்தீன்னா கொன்னே போட்ருவேன்" என்றார் அர்த்தநாரி. ஆறடி உயர லாரி டிரைவர். மறுபடியும் இரண்டு கையாலும் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

இத்தனைக்கும் ஆண்ட்ரூஸ் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. "கூச்சமா இருந்தா உங்க சம்சாரத்தைக் கூப்பிடறேன், பக்கத்துல நின்னு கையைப் புடிச்சுக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

நாமக்கல்லில் இருபது வருஷமாக ஆண் நர்ஸாக இருக்கிறவர் அவர். வேட்டியை அவிழ்க்கச் சொன்னால் அழுதவர்களையும், ஜன்னல் வழியாக ஓடப் பார்த்தவர்களையும் நயமாகப் பேசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். இப்படி ஒரு மூர்க்கனை மட்டும் பார்த்ததில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு நின்ற டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "விரையில பலமா அடிபட்டிருக்குன்னு நீயே சொல்றே. மத்தியானத்துக்குள்ள பாத்துச் சரி பண்ணலைன்னா எடுத்துத்தான் போடணும். சீழ் வெச்சா உசிருக்கே ஆபத்து. எப்படிய்யா பட்டுது?"

"பம்பர்ல இடிச்சுக்கிட்டேன்" என்றார் அர்த்தநாரி, தரையைப் பார்த்தபடி. நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆனாலும் முடிச்சை விடவில்லை.

உதட்டில் வைக்கப் பஞ்சு எடுக்க ஆண்ட்ரூஸ் வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் அர்த்தநாரியின் மனைவி சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல ஒடிசலான பெண். வலது உள்ளங்கையில் துணிக்கட்டு.

"கையில என்னம்மா?"

"தோசைக்கரண்டி சுட்டுருச்சுங்க சார்."

அடி வாங்குகிற பெண்கள் இப்படித்தான் புருஷனைக் காப்பாற்றுவார்கள். "உண்மையைச் சொல்லும்மா. ஊட்டுல அடிதடியா?"

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "எங்கூட்டுச் சத்தம் நாலு தெருவுக்குக் கேக்குமுங்க. போன ஆடியில ஊரே கூடி அவரை மாரியம்மன் கோயில்ல நிக்க வெச்சுது. இனிமே பொண்டாட்டியை அடிக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னாங்க. அவரு, 'நான் ஒருநாளும் அவளைத் தொட்டதே இல்லை'ன்னு சொல்லி அணைச்சாருங்க."

ஆண்ட்ரூஸ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்ல இந்தப் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட போக்கிரிக்கும் குலை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் துணிந்தவன் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"நான் வேணா உள்ள வரட்டுங்களா சார்? என்னையப் பாத்தா அடங்கிருவாருங்க."

"வேண்டாம்மா. நீங்க பட்டது போதும்."

உள்ளே போனபோது ஆண்ட்ரூஸிடம் நயம் எதுவும் மிச்சமில்லை. நேரே போய் அர்த்தநாரியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பதிலுக்கு ஒரு குத்து விலாவில் இறங்கியது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கட்டிலில் விழுந்தார்கள். குளுக்கோஸ் மாட்டுகிற கம்பி சாய்ந்து, பாட்டில் உடைந்து, தரையெல்லாம் தண்ணீர். "ஆண்ட்ரூஸ், உடுங்க அவரை" என்று டாக்டர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

ஆண்ட்ரூஸ் முழங்காலால் அவர் நெஞ்சை அமுக்கினார். "பொம்பளைகிட்டக் காட்டற வீரத்தை இங்க காட்டாதே."

அந்த வார்த்தைக்கு ஒரு உதை விழும் என்றுதான் ஆண்ட்ரூஸ் எதிர்பார்த்தார். ஆனால் அர்த்தநாரியின் உடம்பில் இருந்த பலமெல்லாம் எங்கே போயிற்றோ, அப்படியே துவண்டுவிட்டார். கண்ணோரம் நீர் இறங்கியது.

இதுதான் சமயம் என்று ஆண்ட்ரூஸ் காலை எடுத்தார். லாரிக்காரர்களுக்கென்றே அவரிடம் ஒரு வித்தை இருந்தது. "சரிங்கண்ணா, கண்ணை மூடிக்கங்க. நாமக்கல்லுல வண்டியை எடுத்துட்டீங்க. வழியில வர்ற ஊரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் பாட்டுக்கு என் வேலையைப் பாக்கறேன்."

"புதுச்சத்திரம்" என்றார் அர்த்தநாரி. குரல் உடைந்திருந்தது. "மல்லூர்... சேலம்... ஓமலூர்..."

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விரல் தளர்ந்தது. "தொப்பூர்" என்றபோது முடிச்சு அவிழ்ந்தது. ஆண்ட்ரூஸ் வேட்டியை விலக்கினார்.

டாக்டரின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு தொடையிலும் தோசைக்கரண்டி அகலத்துக்குச் சூடு. பத்து இருக்கும், பன்னிரண்டு இருக்கும். பழையவை வெளுத்துப்போயிருந்தன. கடைசி ஒன்று இன்னும் காயாமல் நீர் கசிந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. "ஏனுங்க மாமா, நான் உள்ள வரட்டுமா?" என்றாள் சௌந்திரம், அதே பணிவான குரலில்.

அந்த ஆறடி மனிதர் ஆண்ட்ரூஸின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"தாப்பாளைப் போடு சாமி."